கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? 'ஃபார்மட்' என்று சொல்லும் முன்...

நேற்று இரவு வரை ஒழுங்காக ஓடிய வீட்டுக் கம்ப்யூட்டர் இன்று காலை எழுந்திருக்க மறுத்தால் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பட்டனை நாலு தடவை அமுக்கிப் பார்ப்போம். ஒயரை ஆட்டிப் பார்ப்போம். பிறகு அதைப் பையில் போட்டு பைக்கில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவோம். கடையில் "ஓ.எஸ். போயிருச்சுங்க, ஃபார்மட் பண்ணிடலாமா?" என்று கேட்பார்கள். நாமும் "பண்ணிடுங்க, எப்படியாவது ஓடினா சரி" என்போம்.

அந்த ஒரு வார்த்தையில் என்னென்ன போகிறது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். பிள்ளைகளின் சின்ன வயசுப் படங்கள், மதிப்பெண் சான்றிதழ்களின் ஸ்கேன், வெளிநாட்டில் இருப்பவரின் விசா நகல், சொத்துப் பத்திரத்தின் நகல், சில ஊர்களில் ஜமாஅத்தின் சந்தாக் கணக்கு கூட ஏதோ ஒரு நிர்வாகியின் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்பதாலேயே இவை அழிந்துபோவதில்லை. பெரும்பாலான சமயங்களில் அவை ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கின்றன. அவற்றை அழிப்பது பழுது அல்ல, பழுதைச் சரிசெய்கிற அவசரம்.

நான் இதை எழுதும்போது மனதில் வைத்திருப்பது புதுச்சத்திரம் பக்கத்து வீடுகளை. கடலூர் மாவட்டத்திலும் ஒரு புதுச்சத்திரம் உண்டு. நான் சொல்வது நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய புதுச்சத்திரம். கோழிப் பண்ணையும் விவசாயமும் லாரித் தொழிலுமாக இருக்கிற பகுதி. இங்கே கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் நாமக்கல்லுக்கோ ராசிபுரத்துக்கோ தூக்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். அப்படிப் போகும் முன் வீட்டிலேயே கால் மணி நேரம் செலவழித்தால் அலைச்சல் மிச்சமாகலாம். மிச்சமாகாவிட்டாலும், கடையில் என்ன சொல்ல வேண்டும், எதற்குச் சம்மதிக்கக் கூடாது என்பதாவது தெரியும்.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

"ஆன் ஆகவில்லை" என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. "உடம்பு சரியில்லை" என்று டாக்டரிடம் சொல்வதைப் போல அது. விவரமான மெக்கானிக் போனில் முதலில் கேட்பது இதைத்தான்: "லைட் எரியுதா? ஃபேன் சுத்துதா? டிஸ்ப்ளே வருதா?" இந்த மூன்று கேள்விகளுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் வரிசை முழுவதும் இருக்கிறது.

சுவரில் இருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை, கேபினெட்டுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. வோல்டேஜ் நிலையாக வந்துவிட்டது என்று அது மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் கொடுத்த பிறகுதான் பிராசஸர் விழிக்கும். விழித்ததும் அது படிப்பது ஹார்ட் டிஸ்க்கை அல்ல. மதர்போர்டிலேயே ஒரு சிப்பில் எழுதிவைத்திருக்கும் பயாஸ் என்கிற சிறு புரோகிராமைத்தான் முதலில் படிக்கும். புதிய மெஷின்களில் அதன் இடத்தில் இருப்பது யு.இ.எஃப்.ஐ. அந்த புரோகிராம் ராம் இருக்கிறதா, திரைக்குப் படம் அனுப்ப முடிகிறதா என்றெல்லாம் சோதித்துவிட்டு, எந்த டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கிறது என்று தேடும். கண்டுபிடித்ததும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடும்.

இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணியில் நின்றதோ அதிலோ அதற்கு முன்போதான் கோளாறு. அதற்குப் பின்னால் இருப்பவற்றின் மேல் பழி போட முடியாது. ஃபேனே சுற்றாத கம்ப்யூட்டரை "விண்டோஸ் கரப்ட்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விண்டோஸ் வரைக்கும் அது போகவே இல்லை.

எந்த அசைவும் இல்லை என்றால்

சந்தேகத்தைச் சுவரிலிருந்து தொடங்குங்கள். அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். ஸ்பைக் பஸ்டர் வைத்திருந்தால் அதைத் தவிர்த்துவிட்டு நேரடியாகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். பல ஸ்பைக் பஸ்டர்களில் சின்னக் கண்ணாடி ஃப்யூஸ் ஒன்று இருக்கும், சில ரூபாய்ப் பொருள். அது போயிருந்தால் கம்ப்யூட்டரே செத்ததுபோல் தெரியும். யு.பி.எஸ். இருந்தால் அதையும் தவிர்த்துப் பாருங்கள். வீட்டு யு.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு மூன்று வருடம்தான் ஆயுள். பேட்டரி செத்ததும் மின்சாரம் இருக்கும்போதே ஆன் ஆக மறுக்கும் யு.பி.எஸ்.கள் உண்டு.

கேபினெட்டின் பின்னால் பவர் ஒயர் செருகும் இடத்தருகே ஒரு சுவிட்ச் இருக்கும். வீடு பெருக்கும்போது, துடைக்கும்போது அது அணைந்துபோவது நாம் நினைப்பதைவிட அதிகம். பழைய எஸ்.எம்.பி.எஸ்.களில் இன்னொரு சிவப்பு சுவிட்சும் இருக்கும், 115 என்றும் 230 என்றும் எழுதியிருக்கும். பிள்ளைகள் அதை 115-க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் 'டப்' என்ற சத்தத்தோடு எஸ்.எம்.பி.எஸ். போய்விடும். அது அமெரிக்கா போன்ற நாடுகளுக்கான அளவு, நம் நாட்டில் எப்போதும் 230-இல்தான் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் சரி, ஆனாலும் பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் எஸ்.எம்.பி.எஸ். 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பல மதர்போர்டுகளில் ஒரு குட்டி விளக்கு அணையாமல் எரிகிறது. அந்த விளக்கு எரிந்தால் எஸ்.எம்.பி.எஸ். முழுசாகச் சாகவில்லை, முன்பக்கத்துப் பவர் பட்டனே தேய்ந்திருக்கலாம். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவர் முனையால் மதர்போர்டின் இரண்டு பின்களைத் தொட்டு ஆன் செய்து காட்டுவது இதைத்தான். பட்டன் மட்டும் போயிருந்தால் அது மிகச் சிறிய செலவு. மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், பட்டனைச் சோதித்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட் ஆகிறது என்று பொருள். எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. மறுபடி மறுபடி அமுக்காமல் ஒயரை எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் பல்லி. கேபினெட்டின் சூட்டுக்கு ஒதுங்கும் பல்லியும் கரப்பானும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் கருகிக் கிடப்பதை எந்த சர்வீஸ் ஆளைக் கேட்டாலும் சொல்வார். அதற்காக எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை நீங்களே திறந்துவிடக் கூடாது. அதற்குள் இருக்கும் பெரிய கப்பாசிட்டர்கள் ஒயரை எடுத்த பிறகும் சில நேரம் ஆபத்தான அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். கேபினெட்டைத் திறக்கலாம், எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்கக் கூடாது.

இங்கே எர்த் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறதா? பழைய வீடுகளில் மூன்று பின் பாயின்ட் இருக்கும், ஆனால் மூன்றாவது ஓட்டையில் எர்த் ஒயரே இணைத்திருக்க மாட்டார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருக்கும் வடிகட்டும் கப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல் இரும்புப் பெட்டியில் நிற்கிறது. இது கம்ப்யூட்டரின் கோளாறு அல்ல, வீட்டு வயரிங்கின் கோளாறு. எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்யுங்கள். கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது வோல்டேஜ் இறங்குவதும், கரண்ட் போய்த் திரும்பி வரும்போது ஒரு துள்ளல் துள்ளுவதும் கிராமத்து லைனில் சகஜம். கரண்ட் போனால் பிளக்கை உருவிவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்து மாட்டுவது இலவசமான பாதுகாப்பு. சித்திரை வைகாசி இடிமழைக்கும் அதேதான். இடியின் அதிர்ச்சி கரண்ட் ஒயரில் மட்டும் வராது, இன்டர்நெட்டுக்கு வரும் லேன் ஒயர் வழியாகவும் மதர்போர்டுக்குள் நுழையும். அதையும் கழற்ற வேண்டும்.

லேப்டாப்புக்குக் கதை கொஞ்சம் வேறு. சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் கழற்றுங்கள். பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரம் வடிந்து, குழம்பிப்போன பவர் சர்க்யூட் புதிதாகத் தொடங்கும். செத்துப்போனதாக நினைத்த லேப்டாப்புகள் இந்த ஒரு வேலையில் எழுந்துவிடுவது உண்டு. முயன்று பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. சார்ஜர் மாட்டியும் விளக்கு எரியவில்லை என்றால், அதே மாடல் சார்ஜரைத் தெரிந்தவர்களிடம் வாங்கிச் சோதித்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டாக இருக்கிறது

மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று எழுதி வந்தால் மானிட்டர் நன்றாக இருக்கிறது, அதற்குப் படம்தான் வரவில்லை. ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மெஷின்களில் மானிட்டர் ஒயரை மதர்போர்டில் இருக்கும் ஓட்டையில் மாட்டிவிட்டு இருட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடக்கும். கார்டில் இருக்கும் ஓட்டையில்தான் மாட்ட வேண்டும்.

லேப்டாப் என்றால் செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக ஏதாவது தெரிந்தால் லேப்டாப் ஓடுகிறது, திரையின் பின்விளக்குதான் போயிருக்கிறது. வீட்டு டி.வி.யில் ஹெச்.டி.எம்.ஐ. ஒயரால் இணைத்தால் எல்லாம் அதில் தெரியும். ஃபைல்களை அப்போதே காப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டும் இல்லை என்றால் முதல் சந்தேகம் ராம் மேல். நம் ஊர் தூசியும் ஈரமும் சேர்ந்து ராமின் தங்க நிறப் பற்களில் ஒரு படலத்தை உண்டாக்கும். பண்ணை வைத்திருப்பவர்கள் தீவனம் அரைக்கும் இடத்துக்குப் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் வைத்திருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வெளிநாட்டுக்குப் போனவரின் வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்து, விடுமுறையில் வந்து ஆன் செய்யும்போது டிஸ்ப்ளே வராததற்கும் பல சமயம் இதுதான் காரணம்.

வைத்தியம் பள்ளிக்கூடப் பையிலேயே இருக்கிறது, பென்சில் அழிரப்பர். பவர் ஒயரைக் கழற்றிவிட்டு, மிச்ச மின்சாரம் வடிய பவர் பட்டனை ஒரு தடவை அமுக்குங்கள். கேபினெட்டின் இரும்பை வெறும் கையால் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். ராமின் இரண்டு ஓரத்துக் கிளிப்புகளையும் விலக்கினால் அது தானாக மேலே வரும். பற்களை ரப்பரால் மெதுவாக ஒரே பக்கமாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, 'கிளிக்' சத்தம் வரும் வரை அமுக்கி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள், பிறகு மற்றதை. எது போட்டால் இருட்டாகிறதோ அது கெட்டது. தேய்ப்பதில் பலத்தைக் காட்ட வேண்டாம், அந்தப் பூச்சு மெல்லியது.

கேபினெட்டுக்குள் சின்ன ஸ்பீக்கர் இருந்தால் அது எழுப்பும் 'பீப்' ஓசை ஒரு மொழி. 1981-இல் வந்த முதல் ஐ.பி.எம். பி.சி.யிலிருந்து இருக்கும் பழக்கம் இது. ஒரு சின்ன பீப் என்றால் சோதனை முடிந்தது, எல்லாம் நலம். மறுபடி மறுபடி பீப் அடித்தால் பெரும்பாலும் ராம் அல்லது டிஸ்ப்ளே கோளாறு. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். எத்தனை அடிக்கிறது, நீளமா குட்டையா என்று எண்ணிக் குறித்துக்கொண்டு போனால் மெக்கானிக்குக் பாதி வேலை முடிந்தது.

கேபினெட்டைத் திறந்த கையோடு மதர்போர்டில் இருக்கும் உருளை வடிவக் கப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ மேலே பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ அவைதான் நோய். 2000-க்குப் பிந்தைய சில வருடங்களில் உலகம் முழுவதும் விற்ற மதர்போர்டுகளில் தரமற்ற கப்பாசிட்டர்கள் லட்சக்கணக்கில் இப்படி உப்பின. அந்தக் காலத்து மெஷினை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு இது உதவும். கப்பாசிட்டரை மட்டும் மாற்றித் தரும் சர்வீஸ் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள்.

லோகோ வருகிறது, அதற்குமேல் போகவில்லை

'ஃபார்மட்' என்ற வார்த்தை வாயில் வருவது இந்தக் கட்டத்தில்தான். ஆகவே நிதானமும் இங்கேதான் வேண்டும்.

'நோ பூட்டபிள் டிவைஸ்' அல்லது 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்' என்று கறுப்புத் திரையில் வந்தால், முதலில் யு.எஸ்.பி.யில் பென்டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா பாருங்கள். கம்ப்யூட்டர் அதில் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கலாம். உருவிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்தால் தேதியோடு, எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்ற குறிப்பையும் சில பழைய மெஷின்கள் மறந்துவிடும்.

அரசு கொடுத்த இலவச லேப்டாப்பின் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எல்காட் நிறுவனம் வழியாக 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கைக்கு வந்தன. நம் பகுதியில் பல வீடுகளின் முதல் கம்ப்யூட்டர் அதுதான். தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வரும். அந்தப் பட்டியலைக் காட்டும் 'க்ரப்' என்ற புரோகிராமின் பெரும்பகுதி லினக்ஸ் இருக்கும் பகுதியில்தான் இருக்கும். "இந்த பாஸ் எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று விண்டோஸுக்குள் போய் அந்தப் பகுதியை அழித்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற இரண்டு சொற்களோடு திரை நின்றுவிடும்.

பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் நடந்தது என்ன? வாசல் கதவின் சாவியைத்தான் தொலைத்திருக்கிறோம், வீடு அப்படியே இருக்கிறது. விண்டோஸ், டி டிரைவ், அதில் இருக்கும் படங்கள் எதுவும் தொடப்படவில்லை. விண்டோஸ் டி.வி.டி.யிலோ பென்டிரைவிலோ இருக்கும் ரிப்பேர் பகுதிக்குப் போய் ஒரு கட்டளை கொடுத்தால் பழைய வாசல் திரும்பிவிடும். பத்து நிமிட வேலை. இதற்காக முழு டிஸ்க்கையும் ஃபார்மட் செய்வது, சாவி தொலைந்ததற்கு வீட்டை இடிப்பது போன்றது.

இதே பாடத்தை உலகமே ஒரு நாள் படித்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள், இந்தியாவிலும்தான். அத்தனை மெஷின்களுக்கும் வைத்தியம் என்ன? சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழிப்பது. டிஸ்க்கில் இருந்த தகவல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே யாரும் "ஃபார்மட் பண்ணிடலாமா" என்று கேட்கவில்லை, ஏனென்றால் உள்ளே இருப்பதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

நம் வீட்டு மெஷினுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. விண்டோஸ் 7 என்றால் ஆன் செய்ததும் எஃப் 8 பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் சேஃப் மோடு வரும். விண்டோஸ் 10, 11-இல் அந்தப் பட்டன் வேலை செய்யாது. விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், அடுத்த முறை அதுவே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்பதை முதலில் முயலலாம். நேற்று அப்டேட் ஆன பிறகுதான் இந்தத் தொல்லை என்றால் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்பதும் அங்கேயே இருக்கும். 'ரீசெட் திஸ் பி.சி.' என்பதில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று வருவதை அமுக்கினால் அதுவும் ஃபார்மட்தான்.

டிஸ்க்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். ரிப்பேர் வேண்டாம், ரீஸ்டார்ட் வேண்டாம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே படிக்கும் முனை தடுமாறுகிறது என்பதன் அறிகுறி அது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டின் மேற்பரப்பு கெடலாம். உடனே அணைத்து, அதில் முக்கியமானது இருந்தால் தகவல் மீட்பதையே தொழிலாகச் செய்யும் இடத்துக்கு அனுப்புங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று ஒரு பழைய வைத்தியம் உலவுகிறது, அதை நம்பி ஈரத்தை உள்ளே விடாதீர்கள்.

ஃபைல்களை வெளியே எடுப்பது

விண்டோஸ் எழாவிட்டாலும் ஃபைல்களை எடுக்க இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, லினக்ஸ் பென்டிரைவ். உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை இலவசமாக இறக்கி, நண்பரின் கம்ப்யூட்டரில் ரூஃபஸ் என்ற சிறு புரோகிராமின் உதவியால் 8 ஜி.பி. பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும், கவனம். அதைச் செருகி ஆன் செய்து பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்க்கைத் தொடாமலே ஒரு முழுக் கம்ப்யூட்டர் எழுந்து வரும். 'இன்ஸ்டால்' என்று கேட்பதை அமுக்காமல் 'ட்ரை' என்பதில் போக வேண்டும். உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் அங்கே தெரியும். இன்னொரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இழுத்துப் போட வேண்டியதுதான்.

இரண்டாவது, டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டுவது. சாட்டா டிஸ்க்கை யு.எஸ்.பி.யாக மாற்றும் ஒயர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மதர்போர்டே எரிந்துபோன மெஷினுக்கும் இந்த வழி உதவும். மெஷின் செத்தாலும் டிஸ்க் உயிரோடு இருக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எடைக்குப் போட்ட பழைய கம்ப்யூட்டரோடு எத்தனை குடும்பங்களின் படங்கள் போயிருக்கும்!

ஃபார்மட் ஆனால் பிறகு ரிகவரி சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில், அதுவும் வேகமாகச் செய்த ஃபார்மட் என்றால், ஓரளவு உண்மை. பட்டியல்தான் அழியும், எழுதியது கொஞ்ச காலம் இருக்கும். ஆனால் அதன் மேலேயே புது விண்டோஸ் ஏற்றினால் அந்த இடங்கள் மேலெழுதப்படும். இப்போது வரும் எஸ்.எஸ்.டி.யில் அந்தத் தைரியம் வேண்டவே வேண்டாம். ஃபார்மட் செய்ததும் 'ட்ரிம்' என்ற கட்டளை போய், காலி என்று சொன்ன இடங்களை எஸ்.எஸ்.டி. தானே துடைத்துவிடும். பிறகு எந்த நிபுணராலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கடையில் கொடுக்கும்போது

மேலே சொன்ன எதுவும் பலிக்கவில்லை என்றால் கடைக்குப் போக வேண்டியதுதான். அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. நல்ல மெக்கானிக்குகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பலர் ஃபார்மட் என்று சொல்வதும் கெட்ட எண்ணத்தில் அல்ல. வாடிக்கையாளர் அவசரப்படுகிறார், கூலியில் பேரம் பேசுகிறார், டேட்டாவைப் பற்றி வாயே திறப்பதில்லை. அவருக்குத் தெரிந்த வேகமான வழியைச் செய்துவிடுகிறார்.

ஆகவே வாயைத் திறக்க வேண்டியது நாம்தான். "உள்ளே இருக்கிற ஃபைல் எனக்கு வேணும். காப்பி எடுத்து நான் பார்த்த பிறகுதான் ஃபார்மட்" என்று தெளிவாகச் சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். சி டிரைவ் மட்டும்தானே ஃபார்மட் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் சி டிரைவில்தான் இருக்கின்றன, நம் வீட்டுப் படங்களில் முக்கால்வாசி அங்கேதான் கிடக்கும். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள், அவை உங்கள் பொருள்.

வீட்டுப் பெண்களின், பிள்ளைகளின் படங்கள் இருக்கும் டிஸ்க்கை முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பது பலருக்கும் உறுத்தலாக இருக்கும், அது நியாயமான உறுத்தல்தான். எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர், மதர்போர்டு பழுதுக்கு டிஸ்க் தேவையே இல்லை. கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மெஷினை மட்டும் கொடுக்கலாம். டிஸ்க்கையும் கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள், முடிந்தால் பக்கத்தில் இருந்து வேலையை முடித்து வாங்குங்கள். சர்வீஸ் கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மேசைக்கு வரும் டிஸ்க் ஓர் அமானிதம். வேலைக்குத் தேவையில்லாத ஃபோல்டரைத் திறக்காதிருப்பதும், எடுத்த காப்பியை வேலை முடிந்ததும் அழிப்பதும் அதில் சேர்ந்தவை.

புது லேப்டாப் வாங்கியவர்களுக்கு இன்னொன்று இருக்கிறது, இதைப் பலர் பிரச்சினை வந்த பிறகுதான் கேள்விப்படுகிறார்கள். விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. பிட்லாக்கர் என்று பெயர். திருடனிடமிருந்து காக்கும் நல்ல வசதிதான். ஆனால் மதர்போர்டு மாற்றினாலோ, சில சமயம் பயாஸ் அப்டேட் ஆனாலோ, நீலத் திரையில் 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினாலும், லினக்ஸ் பென்டிரைவில் பார்த்தாலும் அதே கீதான். இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்துதர முடியாது. கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்திலும் பல அலுவலகங்களில் வேலை இழுத்ததற்கு இந்தக் கீயைத் தேடி அலைந்ததும் ஒரு காரணம்.

அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப்பை முதலில் செட்டப் செய்து தந்த கடைக்காரரோ அக்கம்பக்கத்துப் பையனோ தன் மெயில் ஐடியைப் போட்டிருந்தால், கீ அவருடைய கணக்கில் இருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும்போதே எந்த ஐடியில் இருக்கிறது என்று பாருங்கள். செல்போனிலேயே அந்தக் கணக்கில் நுழைந்து 'டிவைசஸ்' பகுதிக்குப் போனால் 48 எண்களும் தெரியும். ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டும் பத்திரமும் இருக்கும் கவரில் போட்டு வையுங்கள். செல்போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே லேப்டாப்பில் சேமித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போல.